டாக்டர் சுப்பராயனும் வாக்குச்சீட்டும்

கொல்லி மலையில் வாசலூர்பட்டி என்றோர் ஊர் உண்டு. அங்கே இன்று பதினெட்டு வயது நிரம்பிய எவரும், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேர்தல் நாளன்று வாக்களிக்கலாம். அவர்கள் வாக்களிக்கும் சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1920-இல் நிலைமை வேறு. சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு மூவர் அளவுக்கே வாக்குரிமை இருந்தது. அந்த மூவரும் நிலமோ சொத்தோ உடையவர்கள், வரி கட்டுபவர்கள். மலைமேல் தினையும் சாமையும் விளைவித்தவருள் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இடம் பெற்றிருக்க முடியும்?

மாணவ நண்பர்களே, அந்த ஆண்டுத் தேர்தலில் சட்டசபைக்குள் நுழைந்தவர், இம்மலைக்கு மேற்கே திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். 1889-இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். நிலக்கிழார்களுக்கென அமைந்த தனித்தொகுதியே அவரை அனுப்பிற்று. அதாவது, அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவரைப் போன்ற நிலப்பிரபுக்களே. அங்கே தொடங்கியவர், முடிவில் ஏர் உழுபவனிடமும் வாக்குக் கேட்க நேர்ந்தது. அவருடைய நாற்பதாண்டுப் பொதுவாழ்வை இந்தக் கண் கொண்டு பார்த்தால்தான் அதன் சுவை விளங்கும்.

1926-ஆம் ஆண்டுத் தேர்தல் ஒரு விந்தையான முடிவைத் தந்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களை வென்றது. ஆளுங்கட்சியாக இருந்த ஜஸ்டிஸ் கட்சி 21 இடங்களோடு நின்றது. வென்ற கட்சியோ பதவி ஏற்பதில்லை என்ற காங்கிரஸ் கொள்கையைப் பற்றிக்கொண்டு விலகி நின்றது. கவர்னர் கோஷன் பிரபு எக்கட்சியையும் சாராத சுப்பராயனை அழைத்தார். டிசம்பர் மாதம் அவர் முதன் மந்திரியானார். பின்னே கட்சி இல்லை. நியமன உறுப்பினர்களின் ஆதரவும் கவர்னரின் தயவும் இருந்தன. இத்தகைய ஆட்சி நிலைக்குமா என்று எவரும் ஐயுறுவர். 1928-இல் சைமன் கமிஷனைப் புறக்கணிப்பது பற்றிய விவகாரத்தில் அமைச்சரவை பிளந்தது. உடனிருந்த ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவி துறந்தனர். சுப்பராயன் துறக்கவில்லை. நேற்றுவரை எதிரில் இருந்த ஜஸ்டிஸ் கட்சி கைகொடுக்க, முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளாயினர். இதைச் சாமர்த்தியம் என்பாரும் உண்டு. பதவிப்பற்று என்பாரும் உண்டு. தன் கட்சியென ஒன்று இல்லாதவன் நாற்காலியில் நீடிக்க வேண்டுமானால், யார் கை நீட்டினாலும் பற்றத்தான் வேண்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

1930 தேர்தலுக்குப்பின் முனுசாமி நாயுடு முதன் மந்திரியானார். பதவி போன பிறகே சுப்பராயனின் பெயர் நாடெங்கும் ஒலித்தது என்பது வேடிக்கை. தாழ்த்தப்பட்டோர் கோயிலுள் நுழைய வழி செய்யும் மசோதா ஒன்றைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவர அவர் முயன்றார். மாகாண சபை தனித்து முடிவு செய்யத்தக்கதன்று இது எனக் கூறி, 1933 ஜனவரியில் வைஸ்ராய் அனுமதி மறுத்துவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1939-இல், ராஜாஜியின் அரசு ஆலயப் பிரவேசச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அவ்வரசின் மந்திரிகளுள் ஒருவராகச் சுப்பராயன் இருந்தார்.

ஆம், அதற்குள் அவர் காங்கிரஸில் சேர்ந்திருந்தார். 1937 தேர்தலில் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் கைப்பற்றிற்று. முன்பு முதன் மந்திரியாயிருந்தவர் மற்றொருவரின் கீழ்ச் சட்டமும் கல்வியும் ஏற்றுக் கொண்டார். கல்வி மந்திரி என்ற முறையில், 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையின் சுமையும் அவர் தோளில் விழுந்தது. அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். கட்டாயம் 1940-இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1939 அக்டோபரில், அமைச்சரவை பதவி விலகிவிட்டது.

1947-இல் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை, பின்னர் இந்தோனேசியாவில் தூதர், 1954-இல் ராஜ்யசபை. 1957-இல் திருச்செங்கோடு அவரை மக்களவைக்கு அனுப்பியது. இம்முறை வாக்களித்தவர் நிலக்கிழார் மட்டுமல்லர். இருபத்தொரு வயதான ஆண் பெண் அனைவரும் வாக்களித்தனர். நெசவாளியும் கூலியாளும் போட்ட சீட்டும், ஜமீன்தார் போட்ட சீட்டும் ஒரே எடைதான்.

அதே 1957-இல் கோயம்புத்தூரிலிருந்து கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பில் வென்று வந்தவர் பார்வதி கிருஷ்ணன். அவர் சுப்பராயனின் மகள்! ஒரே அவையில் தந்தை ஆளுங்கட்சியில், மகள் எதிர்க்கட்சியில். மகன் மோகன் குமாரமங்கலமும் கம்யூனிஸ்டு இயக்கத்தில் இருந்தவரே. இன்னொரு மகன் பின்னாளில் நாட்டின் தரைப்படைத் தளபதியானார். தாயார் ராதாபாய் 1930-இலேயே லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அமர்ந்தவர். ஒரு வீட்டு உணவு மேசையில் இத்தனை அரசியல் பேச்சு எவ்வாறு நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

1959-இல் நேருவின் அரசில் போக்குவரத்து, தபால் தந்தித் துறைகள் அவரிடம் வந்தன. 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர கவர்னராகச் சென்றார். அக்டோபர் 6-ஆம் நாள் காலமானார். திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி 2009 வரை வாழ்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் அதன் இடத்தில் நாமக்கல் தொகுதி வந்தது. வாசலூர்பட்டியாரும் இன்று அத்தொகுதியின் வாக்காளரே.