வெண்கலத்தில் ஓர் உள்ளம்

ஓவியனுக்கு வண்ணம் துணை. கவிஞனுக்குச் சொல் துணை. உருவச்சிலை வடிக்கும் சிற்பிக்கோ மேடும் பள்ளமும் அவற்றின்மேல் விழும் ஒளியுமே துணை. அவற்றைக் கொண்டே மறைந்த ஒருவரின் நெஞ்சை அவன் நம் கண்முன் நிறுத்தவேண்டும். அஃது எங்ஙனம் இயலும் என்பதற்குப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வடித்த பால்ஸாக் சிலையின் வரலாறு தக்கதோர் சான்றாகும்.

நாவலாசிரியர் பால்ஸாக் 1850இல் மறைந்தவர். 1891இல், எமிலி ஜோலா தலைவராய் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம், அவருக்குச் சிலை எடுக்கும் பணியை ரோதானிடம் ஒப்படைத்தது. பதினெட்டுத் திங்களில் முடிவதாக இருந்த பணி ஏழாண்டுகள் நீண்டது. பால்ஸாக் பிறந்த தூர் நகர்ப் பகுதிக்குச் சென்று, அம்மண்ணின் மக்களுடைய முகங்களை ரோதான் ஆராய்ந்தார். பழைய உருவப்படங்களைத் தேடிப் பார்த்தார். பால்ஸாக்கின் தையற்காரரைக் கண்டு அதே அளவில் ஆடை தைப்பித்தார். பருத்த அவ்வுடலை ஆடையின்றியும் பலமுறை வடித்தார். பின்னர், இரவெல்லாம் எழுதுங்கால் அவர் அணிந்த நீண்ட அங்கி போன்ற ஒன்றைப் பாரிஸ் சாந்தில் தோய்த்து, அதன் மடிப்புகளை நோக்கினார்.

இத்துணை விவரங்களையும் திரட்டியவர், முடிவில் அவற்றுள் பெரும்பாலானவற்றைத் துறந்துவிட்டார். கைகள் அங்கிக்குள் மறைந்தன. ஏட்டையும் எழுதுகோலையும் அங்கே காணோம். உடல் சற்றே பின்சாய்ந்து நிற்கின்றது. அங்கியின் அகன்ற பரப்பில் நம் பார்வை தடையின்றி மேலேறித் தலையை அடைகின்றது. அங்கே மெருகிடப்படாத முகம், கரடுமுரடான முடி, ஆழ்ந்த கண்குழிகள். மேடுகளில் ஒளி சிதறுகின்றது. குழிகளில் இருள் தங்குகின்றது. அவ்விருளே பார்வையாகி, படைப்பவனின் செருக்கையும் வேதனையையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

1898இல் இச்சிலையின் சாந்து வடிவம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பனிப்பொம்மை என்றும், மூட்டை என்றும் பலர் எள்ளி நகையாடினர். சங்கமும் ஏற்க மறுத்தது. ரோதான் பெற்ற பணத்தைத் திருப்பித் தந்தார். சிலையைப் பாரிசை அடுத்த மெதோனில் இருந்த தம் இல்லத்திற்குக் கொண்டுசென்றார். தம் கருத்தினின்று அணுவளவும் பிறழ்ந்தாரில்லை.

1908இல் ஸ்டைகன் என்னும் புகைப்படக் கலைஞர் அங்குச் சென்று, நிலவொளியில் அச்சிலையைப் படமெடுத்தார். சிறு விவரங்கள் இருளில் கரைய, மலைபோல் எழும் வடிவம் ஒன்றே எஞ்சியது. பகலில் பலர் காணாததை நிலவு காட்டிற்று. ரோதான் 1917இல் மறைந்தார். வெண்கலத்தில் வார்க்கப்பெற்ற அவர்தம் பால்ஸாக், 1939இல்தான் பாரிஸ் வீதியில் நிலைபெற்றது.

பெரியோர்க்குச் சிலையெடுப்பதில் நாமும் யார்க்கும் பின்தங்கியவர் அல்லோம். திறப்பு விழாவன்று மூக்கும் சட்டைப் பொத்தானும் ஒத்துள்ளனவா என்று பார்த்து அமைதி கொள்கின்றோம். அவர்தம் உள்ளம் அங்கு உளதா என்று கேட்கும் துணிவு நமக்கு வருமாயின், நம்மிடையேயும் ரோதான்கள் தோன்றுவர். அவர்களையும் நாம் நாற்பது ஆண்டுகள் காக்கவைத்தல் கூடாது.