அம்மாவின் அண்டாவில் பிறந்த பீர்

பீர் என்றதும் பெரிய ஆலையும் கடையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் லாகர் பீரின் வரலாற்றில் ஒரு வீட்டு அண்டாவுக்கும் இடம் உண்டு. குடிக்கும் பழக்கம் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இது குளிரின் கதை.

புளிக்க வைப்பது நமக்குப் புதிதல்ல. சித்திரையில் இட்லி மாவு பொங்கி வழியும். மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். பீருக்கும் இதே கணக்குதான். ஏல் வகை பீரின் ஈஸ்ட் 20 டிகிரி செல்சியஸ் அளவில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். லாகர் ஈஸ்டோ 10 டிகிரி அளவில் நிதானமாக வேலை செய்து, அடியில் படியும். பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் வைத்திருக்க வேண்டும். லாகர் என்ற பெயரே, சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஜெர்மனியின் பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனது. அதனால் 1553-ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை விதித்தார்கள். குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறைகளில் பனிக்கட்டி அடுக்கிப் பாதுகாத்தார்கள். நிலவறை சூடாகாமல் இருக்க அதன் மேலே நிழல் தரும் மரங்களை வளர்த்தார்கள். மியூனிக் நகரின் பீர் தோட்டங்கள் அந்த நிழலில் வந்தவைதான்.

டென்மார்க்கில் ஜே. சி. ஜேக்கப்சன் என்பவருக்கு இந்தப் பவேரிய பீரைத் தன் ஊரிலும் காய்ச்ச ஆசை. முதல் சோதனையை அவர் செய்தது, அம்மா துணி வேகவைக்கும் செம்பு அண்டாவில்! 1845-ல் மியூனிக்கிலிருந்து கோபன்ஹேகனுக்கு ஈஸ்ட் கொண்டு வந்தார். குதிரை வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கி, ஈஸ்ட் இருந்த பாத்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தாராம். 1847-ல் ஆலை தொடங்கி, மகன் கார்லின் பெயரால் கார்ல்ஸ்பெர்க் என்று பெயரிட்டார். 1883-ல் அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். பீர் கெட்டுப்போவதற்குக் காரணமான காட்டு ஈஸ்டை ஒதுக்க வழி பிறந்தது. அந்தத் தூய ஈஸ்டை ஜேக்கப்சன் பூட்டி வைக்கவில்லை. போட்டி ஆலைகளுக்கும் கொடுத்தார்.

இதற்குள் கார்ல் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. இயந்திரம் வாங்கப் பணம் உள்ள ஆலைகள் வருடம் முழுவதும் லாகர் காய்ச்சின. வீட்டில் காய்ச்சுபவருக்கு அந்தக் குளிர் எட்டாததாயிற்று.

பின்னாளில் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்தது. ஆனால் அமெரிக்காவில் சட்டம் குறுக்கே நின்றது. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது, வீட்டில் ஒயின் தயாரிக்க வழி கிடைத்தது. பீர் மட்டும் விடுபட்டது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. இன்று அங்கே பலர் பழைய ஃபிரிட்ஜில் வெப்பநிலைக் கருவி பொருத்தி லாகரைப் புளிக்க விடுகிறார்கள். பவேரியர்கள் மலைபோல் பனிக்கட்டி குவித்துப் பெற்ற குளிர், ஒரு திருகில் கிடைத்துவிடுகிறது.

நம் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். எனவே நாம் இட்லி மாவோடு நிறுத்திக்கொள்வோம்!