தோட்டத்து வீடும் தொலைக்காட்சிப் பெட்டியும்



வீட்டுக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனால், படம் தெளிவாக இருக்கிறதா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். ஆனால் நம் தோட்டங்களுக்கு இந்தப் பெட்டி வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தால், வேறு மூன்று கேள்விகளே எப்போதும் முன்னால் நின்றிருக்கின்றன. மின்சாரம் எங்கிருந்து வரும்? அலை நம் வீடு வரை வருமா? பணத்தை எப்படிக் கட்டி முடிப்பது? இம்மூன்றையும் சரியாக எண்ணிப் பார்த்தவர்களே நல்ல பெட்டியை வாங்கினார்கள்.

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளும், கோலாலம்பூரில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. அக்காலப் பெட்டிகள் மரத்தால் ஆனவை. நான்கு கால்களும், இழுத்து மூடும் கதவுகளும் கொண்டவை பல. உள்ளே இருந்தவை வால்வுகள். அவை சூடேறிய பிறகுதான் படம் தோன்றும். நூறு வாட்டுக்கும் அதிகமான மின்சாரம் அவற்றுக்குத் தேவைப்பட்டது.

அந்த மின்சாரம் லயன் வீடுகளில் ஏது? பல தோட்டங்களில் இஞ்சின் போட்டுத்தான் விளக்கு எரிந்தது. அதுவும் மாலையில் சில மணி நேரம் மட்டுமே. இஞ்சின் நின்றால் தோட்டமே இருட்டு. ஆகவே தொடக்க காலத்தில் நம் மக்களில் பலர் தொலைக்காட்சியைப் பார்த்தது மண்டபத்தில் வைத்த பொதுப் பெட்டியில்தான். பாயை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போய் முன்வரிசையில் இடம் பிடித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த நிலையை மாற்றியது டிரான்சிஸ்டர். வால்வுகளின் இடத்தில் டிரான்சிஸ்டர்கள் வந்ததும் பெட்டி சிறியதாயிற்று. அதற்கு வேண்டிய மின்சாரமும் வெகுவாகக் குறைந்தது. 12 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குச் சுமார் 15 வாட் போதும். அதை 12 வோல்ட் கார் பேட்டரியிலேயே ஓட்டலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15ஐ 12ஆல் வகுத்தால் 1.25 ஆம்பியர். 40 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி, கணக்கின்படி 32 மணி நேரம் தாங்கும். பழைய பேட்டரியானால் அதைவிடக் குறைவு. சார்ஜ் தீரத் தீரப் படம் நாலாபுறமும் சுருங்கும். அதைக் கண்டதும் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். கடையில் 20 அங்குலப் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், இஞ்சின் மின்சாரத்தை நம்பியிருந்த வீட்டுக்கு 12 அங்குலமே ஏற்றதாக இருந்தது.

இரண்டாவது கேள்வி அலையைப் பற்றியது. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். ஜெராய் மலை, லேடாங் மலை போன்ற உயரமான இடங்களில் ஒளிபரப்புக் கோபுரங்களை நிறுவியதன் காரணம் அதுவே. குன்றுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்த தோட்டங்களில் ஏரியலை மூங்கில் கம்பத்தில் உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. ஒருவர் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று, "போதும், போதும்" என்று கத்துவார். படத்தில் புள்ளி விழுந்தால் பெட்டியைக் குறை சொல்வோம். பல நேரங்களில் குறை ஏரியலில்தான் இருந்தது.

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. வண்ண நிகழ்ச்சியைப் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் பார்க்க முடிந்தது. வண்ணம்தான் தெரியாது. எனவே பழையதை உடனே தள்ள வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. ஆயினும் அடுத்த வீட்டில் வண்ணப் பெட்டி வந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது.

பெட்டியைத் தவணைக்கு வாங்கினால் கடைசித் தவணை கட்டும்வரை அது நமக்குச் சொந்தமாகாது. நமக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம், அந்நாளில் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் கூடாது என்று வரம்பிட்டது. அந்த 10 விழுக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 1,000 வெள்ளிக் கடன், இரண்டு ஆண்டுத் தவணை. கட்டணம் 200 வெள்ளி. மாதம் 50 வெள்ளி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பாதிக் கடனை அடைத்த பிறகும், முழு 1,000 வெள்ளிக்கும் போட்ட கட்டணத்தையே கட்டிக்கொண்டிருப்போம். உண்மையான வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. காலையில் மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். ரப்பர் விலை இறங்கினாலும் கைக்கு வரும் பணம் குறையும். சம்பளம் மாதத்துக்கு மாதம் மாறியது. தவணை மட்டும் மாறவில்லை. மூன்று தவணை தவறி, பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, அதுவரை கட்டிய பணத்தை நினைத்து அழுத தாய்மார்கள் உண்டு. ஏழு மாதம் பொறுத்து, கூட்டுப்பணம் எடுத்து ரொக்கமாக வாங்கியவர்களும் உண்டு. இருவர் வீட்டிலும் தெரிந்த படம் ஒன்றுதான்.

2019ஆம் ஆண்டில் இன்னொரு மாற்றம் வந்தது. ஜூலையில் லங்காவியில் தொடங்கி, அக்டோபர் 31ஆம் நாளோடு நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டு, டிஜிட்டல் முறை மட்டுமே நிலைத்தது. இம்முறை பழைய பெட்டி தானாக வேலை செய்யவில்லை. ஆனால் ஒரு டிகோடரும் யுஎச்எப் ஏரியலும் சேர்த்தால் அதுவும் படம் காட்டியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கமே டிகோடரை இலவசமாகக் கொடுத்தது. இதை அறியாமல் நல்ல பெட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் வீணாகச் செலவு செய்தார்கள்.

நேயர்களே, இனி கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே உட்கார்ந்து பேசுவோம். பழைய பெட்டியைப் பழுது பார்த்து ஓட்ட முடியுமா? புதியது எத்தனை வாட், எத்தனை நட்சத்திரம்? டிவிபி-டி2 முறை அதிலேயே இருக்கிறதா? தவணை என்றால், கடைசியில் மொத்தம் எவ்வளவு? மிகக் குறைந்த சம்பளம் வரும் மாதத்திலும் அதைக் கட்ட முடியுமா? இந்தக் கணக்கைப் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு போடுவோம். பெட்டி சில ஆண்டுகளில் பழசாகும். அந்தக் கணக்கு அவர்களுக்கு என்றும் உதவும்.