காளவாய்ப் புகையின் நெடும்பயணம்

கரியமில வாயுவை எரிபொருளாக்கும் வித்தை நேற்று வந்ததுபோல் பேசப்படுகிறது. உண்மையில் அதற்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. அதன் பூர்வகதையோ ஒழுகிய ஒரு வால்வில் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் சோடா உப்பு ஆலை நடத்திய ஜெர்மானியர் லுட்விக் மோண்டுக்கு ஒரு தலைவலி. அவருடைய நிக்கல் வால்வுகள் கறுத்துப்போய் ஒழுகின. குழாய்களுக்குள் செலுத்திய சுண்ணாம்புக் காளவாய் வாயுவில் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. சந்தேகம் அதன்மேல் விழுந்தது. உதவியாளர் கார்ல் லாங்கர் அந்த மோனாக்சைடை நிக்கல் பொடிமீது செலுத்தி, வெளிவந்ததைக் கொளுத்தினார். சுடர் பச்சை பாய்ந்து பளிச்சிட்டது. அதில் குளிர்ந்த பீங்கான் துண்டைக் காட்டினால் நிக்கல் படிந்தது. கெட்டி உலோகம் ஆவியாகிப் பறந்திருக்கிறது! 1890-இல் இது அச்சேறியதும் ஐரோப்பாவே வியந்தது.

வேறு வாயுக்களையும் நிக்கல் இப்படி வசப்படுத்துமா? பிரான்சின் துலூஸ் நகரில் வேதியியலாளர் பால் சபாத்தியேவுக்கு இதே யோசனை. பாரிஸில் மொய்சான் என்ற வேதியியலாளர் இதுபோன்ற சோதனை ஒன்றைத் தொடங்கியிருந்ததால், தொடரப் போகிறீர்களா என்று மரியாதையாக அவரைக் கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகே, பாதிரியாரும் வேதியியலாளருமான சாந்தரான்ஸோடு 1897-இல் எத்திலீனை நிக்கல்மீது செலுத்தினார். எதிர்பார்த்த சேர்மம் கிடைக்கவில்லை, ஈத்தேன் வந்தது. நிக்கல் தான் கரையாமலே ஹைட்ரஜனை எத்திலீனோடு சேர்த்து வைத்திருந்தது. 1902-இல் கரியமில வாயுவின் முறை. ஹைட்ரஜனோடு சேர்ந்து சூடான நிக்கலைத் தொட்டதும் அது மீத்தேனாகவும் தண்ணீராகவும் மாறியது. 1912-இல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசு.

காசு பார்த்தது வேறொருவர் வழி. சபாத்தியே ஆவியோடு நின்றார்; ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன் திரவ எண்ணெயிலேயே ஹைட்ரஜனைச் சேர்த்து 1902-இல் காப்புரிமை பெற்றார். எண்ணெய் உறைந்து கொழுப்பானது. 1937-இல் இந்தியாவுக்கு வந்த டால்டா அந்த வம்சம்தான். காலி டப்பாவில் துளசி வளர்த்த வீடுகளில் துலூஸின் பெயர் யாருக்குத் தெரியும்!

2010-இல் சபாத்தியேயின் வினை விண்வெளி நிலையத்துக்கே ஏறிப்போனது. வீரர்கள் விட்ட மூச்சிலிருந்து பிடித்த கரியமில வாயு அங்கே தண்ணீராகவும் மீத்தேனாகவும் மாறியது. மீத்தேனை வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு கரியமில மூலக்கூறுக்கு நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு வேண்டும். என் பார்வையில் இன்றைய முடிச்சு வினையூக்கியில் இல்லை, அந்த ஹைட்ரஜனின் விலையில் இருக்கிறது. ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்சாரம் இருந்ததால், 2012-இல் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, பூமிக்கடியிலிருந்து வரும் கரியமில வாயுவை மெத்தனாலாக்கினார்கள்.

அதே நுட்பம் 2022-இல் சீனாவின் ஆன்யாங் நகருக்குப் போனது. ஆண்டுக்கு 1,10,000 டன் மெத்தனால் தரும் ஆலை. ஹைட்ரஜன், கற்கரி அடுப்பு வாயுவிலிருந்து. கரியமில வாயு? மோண்டின் வால்வுகளைக் கெடுத்த அதே இடத்திலிருந்து: சுண்ணாம்புக் காளவாயிலிருந்து.