ஊதுகுழலும் ஈயக்குண்டும்

தருமபுரிச் சீமையின் சரித்திரத்தில் துப்பாக்கிக்குத் தனியாக ஓர் அத்தியாயமே எழுதலாம். பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த இந்தப் பிரதேசத்துக்காக ஹைதரும் திப்புவும் கும்பினியாரும் மாறி மாறி மோதிக்கொண்டார்கள். 1791-ல் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரம் கோட்டையைப் பிடித்தான். அதே சூட்டோடு கிருஷ்ணகிரி மலைமேல் ஏறப் போய், மேலிருந்து உருண்டு வந்த பாறைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இறங்கி வந்தான். துப்பாக்கி தோற்றுக் கல் ஜெயித்த இடம் அது! 1792-ம் வருஷத்து உடன்படிக்கையில்தான் சீமை கும்பினியின் கைக்கு வந்தது.

இந்தச் சண்டைகளைப் பற்றி எழுதியவர்கள் தளபதிகளைப் பற்றி எழுதினார்கள்; கோட்டைகளைப் பற்றி எழுதினார்கள். துப்பாக்கிக்குள் போட்ட ஈயக்குண்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எனக்கு அதன்மேல் அக்கறை பிறந்தது பென்னாகரம் பக்கத்துக் குடியானவர் ஒருவரால். அவர் குடும்பத்தில் ஒரு காலத்தில் பன்றி விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். குண்டைத் தகப்பனாரே வார்ப்பாராம்.

"குறி தப்பினால் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"என்னாங்க செய்யறது? கண்ணைத் திட்டிப் பிரயோசனம் இல்லீங்க. குழாய்க்குள்ள குண்டு ஆடுச்சுன்னா, அது இஷ்டத்துக்குத்தான் போவும்" என்றார்.

ஐரோப்பாவின் பெரிய மூளைகள் நூறு வருஷத்துக்கு மேல் தலையை உடைத்துக்கொண்ட சங்கதி அது. அவர் வெற்றிலை மடித்தபடி சொல்லி முடித்துவிட்டார்.

அந்தக் காலத்துக் கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கிக் குழாய் ஏறக்குறைய முக்கால் அங்குல அகலம். உள்ளே போகிற குண்டோ அதைவிட ஓர் அங்குலத்தில் 20-ல் ஒரு பங்கு சிறியது. வேண்டுமென்றேதான் அப்படி வார்த்தார்கள். நாலு தடவை சுட்டதும் கரிமருந்தின் கசடு குழாய்க்குள் அப்பிக்கொள்ளும். குண்டு பருமனாக இருந்தால் உள்ளே இறங்காது. சீக்கிரம் கெட்டிக்க வேண்டுமானால் குண்டு இளைத்திருக்க வேண்டும். இளைத்த குண்டு வெடித்த வேகத்தில் குழாயின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் முட்டிக்கொண்டு, கடைசியாக எந்தச் சுவரில் முட்டியதோ அதற்கு எதிர்த்திசையில் வெளியேறும். போதாக்குறைக்கு வார்ப்பிலும் கோளாறு. உருகிய ஈயம் ஆறும்போது சுருங்குமாகையால் உள்ளே பொள்ளல் விழும். ஒரு பக்கம் கனம் ஏறிவிடும். வெளிப்பார்வைக்குக் குண்டு கோலிக்காய் மாதிரி அழகாகத்தான் இருக்கும்.

இந்த நோய்க்கு முதன்முதலில் நாடி பார்த்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். பீரங்கி சாஸ்திரத்தைப் பற்றி அவர் எழுதிய புஸ்தகம் 1742-ல் வெளிவந்தது. பறக்கிற குண்டு சுழல்கிறது, அந்தச் சுழற்சியே அதைப் பாதையிலிருந்து இழுத்துப் போகிறது என்பது அவர் கட்சி. நிரூபிப்பதற்கு அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு துப்பாக்கிக் குழாயின் நுனியை இடது பக்கமாக வளைத்தார். எதிரே வரிசையாகக் காகிதத் திரைகளைக் கட்டிவிட்டுச் சுட்டார். குண்டு முதலில், வளைவுக்கேற்றபடி, இடது பக்கந்தான் போயிற்று. ஆனால் போகப்போக வலது பக்கம் திரும்பிவிட்டது! வளைந்த குழாயின் வலச்சுவரை உரசி உருண்டதில் ஏறிய சுழற்சி அப்படித் திருப்பியது. கணித மேதை ஆய்லர் 1745-ல் அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து உரையும் எழுதினார். ஆனால் இந்த விஷயத்தை மட்டும் ஒப்பவில்லை. குண்டின் உருவம் கோணலாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் தப்பாகச் சொன்னாலும் அதற்கு மதிப்பு உண்டல்லவா?

ராபின்ஸின் கதை நம் கரையில்தான் முடிகிறது. கும்பினியின் கோட்டைகளைச் செப்பனிட வந்தவர், 1751 ஜூலையில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், செயிண்ட் டேவிட் கோட்டையில், ஜுரத்தில் இறந்துபோனார். அவர் போய் 40 வருஷம் கழித்து, அங்கிருந்து அதிகத் தூரமில்லாத பாராமகாலில், அதே ஆடுகிற குண்டுகளைத்தான் சிப்பாய்கள் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள். 200 கஜத்துக்கு அப்பால் இருக்கிறவனைச் சாதாரணத் துப்பாக்கியால் குறிபார்ப்பது சந்திரனைக் குறிபார்ப்பதற்குச் சமம் என்று கர்னல் ஹாங்கர் எழுதியது 1814-ல்.

மருந்து தெரியாமல் இல்லை. குழாய்க்குள் திருகுவரி வெட்டி, குண்டை இறுக்கிச் செலுத்தினால் அது ஒழுங்காகச் சுழன்று நேரே போகும். 'ரைபிள்' என்பது அதுதான். ஆனால் இறுக்கமான குண்டை வாய்வழியே இறக்குவது யார்? 1800-ல் இங்கிலாந்தில் ரைபிள் படைக்குத் துப்பாக்கியோடு மரச் சுத்தியலும் கொடுத்துப் பார்த்தார்கள். எதிரி பாய்ந்து வரும்போது தச்சு வேலை செய்துகொண்டிருக்க முடியுமா?

உள்ளே போகும்போது சிறுத்தும், வெளியே வரும்போது பெருத்தும் இருக்கிற குண்டு வேண்டும். அதற்கு வழி தெரிந்தவன் தென்னிந்தியாவில் இருந்தான்.

1823-ல் 34-வது ரெஜிமெண்டின் காப்டன் நார்ட்டன் தென்னிந்தியாவில் இருந்தபோது, நம்மவர்கள் வைத்திருந்த ஊதுகுழலைப் பார்த்தார். சுங்குத்தான் என்று பழைய அகராதிகள் சொல்வது இதைத்தான். குழலுக்குள் போடும் அம்பின் அடியில் தாமரை நெட்டி பொருத்தியிருந்தது. ஊதியதும் நெட்டி விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் நழுவாது. முழு மூச்சும் அம்பைத் தள்ளும். இதைப் பார்த்த நார்ட்டன், அடிப்பக்கம் குழிந்த நீண்ட குண்டு ஒன்றை அமைத்தார். மருந்தின் ஆவி குழிக்குள் பாய்ந்து ஈயத்தை விரித்து வரிகளில் பதியவைக்கும். லண்டன் அதிகாரிகள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். 1835-ல் கிரீனர் என்ற துப்பாக்கிக் கம்மியர் அதே தத்துவத்தில் ஒரு குண்டைக் கொண்டுபோனார், அதையும் தள்ளினார்கள். 1849-ல் பிரான்சில் காப்டன் மினியே அதைச் செய்து காட்டியபோதுதான் கண் திறந்தது. மினியேக்கு ஆங்கில சர்க்கார் கொடுத்த தொகை 20,000 பவுன். தாமும் ஒரு பாத்தியதை உள்ளவர் என்று ஓயாமல் மனுச் செய்த கிரீனருக்கு 1857-ல் 1,000 பவுன். நார்ட்டனுக்குப் புஸ்தகங்களில் ஒரு வரி. நெட்டி வைத்தவனுக்குப் பெயர்கூடக் கிடையாது.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. பல்லவர் காலத்தில் மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கும் ஊரார் கல் நட்டுப் பெயர் பொறித்தார்கள். அம்பும் வில்லும் கல்லில் செதுக்கியிருப்பதைப் பார்க்கிறபோது, அந்த அம்பைச் சீவியவன் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கதை எழுதுகிறவனின் கெட்ட பழக்கம் இது, மன்னிக்க வேண்டும்.

நெட்டியின் யுக்தி கடைசியில் பிறந்த நாட்டுக்கே கப்பலேறி வந்தது. 1853-ம் வருஷத்து என்பீல்டு ரைபிளில் குழாய் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். ஆடுவதற்கு இடமே இல்லை. ஆகையால் வழுக்கிக்கொண்டு இறங்கக் காகித உறையில் கொழுப்பும் மெழுகும் தடவினார்கள். அது எந்தக் கொழுப்பு என்ற வதந்தி 1857 ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. மே மாதம் மீரட்டில் நெருப்புப் பற்றியது. அதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு, குண்டு ஒன்றே காரணமல்ல. ஆனாலும் குறி தப்பாமலிருக்கச் செய்த வைத்தியம் ஒரு சாம்ராஜ்யத்தின் தலைமேல் வந்து விடிந்தது.

கலகம் ஒருபுறமிருக்க, நம் ஊர் வெயிலில் அந்தக் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறிப் போயிற்று. குழாயில் கசடு சேர்ந்து குண்டு பாதியில் சிக்கிக்கொண்டது. மறுபடியும் பழைய நோய்! இந்தத் தடவை கொழுப்பை விட்டுத் தேன்மெழுகுக்கு மாறினார்கள், குண்டை 0.55 அங்குலமாக இளைக்க வைத்தார்கள். சுடும்போது அது விரிந்துகொள்வதற்காக அடிக்குழியில் ஒரு சின்ன மரக்கட்டை இருந்தது. நெட்டி இருந்த அதே இடத்தில்.