வெளி வட்டுக்கு வேகம் வந்த கதை

ஹார்ட் டிஸ்கைக் கணினிக்கு வெளியே வைத்து ஒரு ஒயரால் இணைப்பது இன்று பேரப்பிள்ளைகளுக்குக்கூட விளையாட்டு. 1986-ல் அப்படியில்லை. அந்த வருஷம் தரநிலையாக அறிவிக்கப்பட்ட 'ஸ்கஸி'தான் அன்றைய வேகமான வழி. வினாடிக்கு 5 மெகாபைட். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும், இரண்டுக்கு ஒரே எண் வரக்கூடாது, வரிசையின் கடைசியில் 'டெர்மினேட்டர்' என்று ஒரு மூடியைப் பொருத்த வேண்டும். எங்கள் ஆபீசில் பைலுக்கு எண் போடுவதைவிடக் கெடுபிடி! அதற்கான கார்டும் விலை அதிகம். அதனால் சாதாரண பிசிக்காரர்கள் பிரிண்டர் மாட்டும் துளையிலேயே 100 எம்பி ஜிப் டிரைவை மாட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

1996-ல் யுஎஸ்பி வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்பதே நோக்கம். வட்டு அவர்கள் கணக்கில் பெரிதாக இல்லை. வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆக 1.5 மெகாபைட். கைக்கு வருவது ஏறக்குறைய 1.

அதே காலத்தில் ஆப்பிள் முன்நின்று செய்த 'ஃபயர்வயர்' 400 மெகாபிட். தொழில்நுட்பத்தில் அதுதான் கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் ஒரு துளைக்கு 1 டாலர் உரிமைத் தொகை என்று ஆப்பிள் கேட்டதும் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு தொகையைக் குறைத்தும் பயனில்லை. 2000-ல் யுஎஸ்பி 2.0, 480 மெகாபிட் என்று வந்து இடத்தைப் பிடித்துவிட்டது. காகிதத்தில் 480, வட்டில் கிடைப்பதோ வினாடிக்கு 30, 35 மெகாபைட். அந்த வேலையில் ஃபயர்வயர் அதைவிட வேகமாகவே ஓடியது. காகிதக் கணக்குக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் ஒரு குமாஸ்தாவுக்குத் தெரியாததா?

இடையில் 'ஈசாட்டா' என்று ஒன்று. உள்ளே இருக்கும் சாட்டா இணைப்பையே கேபினெட்டுக்கு வெளியே நீட்டிவிட்டது. வேகம் அருமை, மின்சாரம் மட்டும் வராது. வட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

யுஎஸ்பி 3.0 தரநிலை 2008 நவம்பரில் வெளியானது. 5 கிகாபிட். பழைய நான்கு தொடர்புகளைத் தொடாமல் புதிதாக ஐந்தைச் சேர்த்தார்கள். அதனால் பழைய ஒயரும் அதே துளையில் வேலை செய்தது. அடையாளத்துக்கு உள்ளே நீல நிறம். ஆனால் இன்டெல் தன் சிப்செட்டிலேயே இதைச் சேர்க்க 2012 ஆகிவிட்டது. அதற்கு முன் டெஸ்க்டாப் வாங்கிய என்னைப் போன்றவர்களுக்குத் தனி கார்டு ஒன்றுதான் வழி.

எனக்கு அது அவசரமாகவே வந்தது. தாத்தாவின் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு, அப்பா எழுதிய கடிதங்கள், குடும்ப வீடியோக்கள் என்று சுமார் 400 ஜிபி சேர்த்து வைத்திருந்த வட்டு ஒருநாள் 'டிக் டிக்' என்று பேச ஆரம்பித்தது. கணக்குப் போட்டேன். முதல் யுஎஸ்பியாக இருந்தால் நாலரை நாள். 2.0-ல் ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி. 3.0-ல் ஒரு மணி சொச்சம். அதற்கு மேல் வேகம் கூடாது, ஏனென்றால் சுழலும் வட்டே வினாடிக்கு 100 எம்பி அளவில்தான் தரும். சாகக் கிடக்கிறவரிடம் உயில் எழுதி வாங்குகிற மாதிரி, நேரம்தான் எல்லாம்.

மதர்போர்டில் சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை ஒன்று காலியாக இருந்தது. கார்டை அதில் சொருகி, பவர் சப்ளையிலிருந்து வரும் நாலு பின் ஒயரையும் கார்டில் மாட்டினேன். அதை மாட்டாமல் விடுகிறவர்கள் பலர். வட்டுக்கு 5 வோல்ட் வேண்டும். அந்தத் துளை தருவதோ 3.3-ம் 12-ம். பழைய பிசிஐ துளையாக இருந்திருந்தால் பயனில்லை. அதன் மொத்தக் கொள்ளளவே 133 எம்பி, அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும்.

ஒரு கல்யாண வீடியோ தவிர எல்லாம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்த வட்டு எழுந்திருக்கவில்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1955-ல் ஐபிஎம் பிரான்ஸ் கேட்டபோது லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே தந்த 'ஒர்தினத்தேர்' என்ற சொல் இன்றுவரை பிரெஞ்சில் கணினிக்கு நிற்கிறது. யுஎஸ்பிக்காரர்களோ அதே 5 கிகாபிட்டை 3.0 என்றார்கள், பிறகு '3.1 ஜென் 1' என்றார்கள், அப்புறம் '3.2 ஜென் 1' ஆக்கினார்கள். கடையில் பெயரைக் கேட்காதீர்கள். 5 கிகாபிட்டா, 10 கிகாபிட்டா என்று மட்டும் கேளுங்கள்.