தொழில்வழிச் சிகிச்சையும் வீட்டு வாழ்வும்

நோயோ விபத்தோ முதுமையோ உடலை முடக்கிய பின், அன்றாட வேலைகளை ஒருவர் மீண்டும் தாமே செய்துகொள்ளப் பழக்கும் மருத்துவத் துறை தொழில்வழிச் சிகிச்சை. இயன்மருத்துவர் காலுக்கு வலுவூட்டுவார். அந்தக் காலோடு கிணற்றடிக்குப் போய்வர வழி பார்ப்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். 1952இல் இத்துறையின் உலகக் கூட்டமைப்பை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இலங்கையில் கொழும்பு தேசிய வைத்தியசாலையைச் சார்ந்த பயிற்சிக் கல்லூரி இச்சிகிச்சையாளர்களை உருவாக்கி வருகிறது.

கல்முனையில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன ஒருவரை எடுத்துக்கொள்வோம். நடையைவிட அவரை வாட்டுவது சோறும் தொழுகையும்தான். இடக்கையால் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிடலாம். அவர் மனம் ஒப்பாது. கரண்டிப் பிடியில் துணியோ றப்பர்க் குழாயோ சுற்றித் தடிப்பாக்கினால், ஓரளவு அசையும் வலக்கையே அதைப் பிடித்துக்கொள்ளும். கோப்பைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது. சட்டை போடும்போது பலவீனமான கை முதலில் நுழைய வேண்டும்; கழற்றும்போது நல்ல கை. சாரனுக்கு இடுப்பில் இலாஸ்டிக் தைத்துவிட்டால் உடுத்துவது எளிது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்கப் பைப்படியில் ஆடாத கதிரையும், நல்ல கைப்பக்கச் சுவரில் ஒரு கைபிடியும் வேண்டும். நிற்க இயலாதவர் இருந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு.

சமையலறைக்கும் வழி இருக்கிறது. பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளை அடித்து, வெங்காயத்தை அதில் குத்திவைத்தால் ஒற்றைக் கையால் நறுக்கலாம். இதையெல்லாம் ஊர்த் தச்சரும் மேசனுமே செய்து தருவார்கள்; வெளிநாட்டுக் கருவி எதுவும் தேவையில்லை.

மருதமுனை நெசவாளி ஒருவர் தறிக்குத் திரும்புவது இதைவிடக் கடினம். இரு கையும் இரு காலும் ஒத்துழைக்கும் வேலை அது. சிகிச்சையாளர் அதைச் சிறு அசைவுகளாகப் பிரித்து, முடிந்ததிலிருந்து தொடங்கவைப்பார்.

இச்சிகிச்சையின் பயனுக்குச் சான்று உண்டு. சிட்னியில் 530 முதியோரிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சையாளர் வீட்டுக்கே போய் வழுக்கும் விரிப்பு, வெளிச்சக் குறைவு போன்றவற்றைச் சரிசெய்யச் சொன்னார். முந்தைய ஆண்டில் விழுந்திருந்தவர்களுக்கு மீண்டும் விழும் அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டோடு நின்றுவிடாதீர்கள். கிணற்றடி, மலசலகூடம், வாசற்படி மூன்றையும் தொலைபேசியில் படமெடுத்துக் காட்டி, தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டுமெனக் கேளுங்கள்.